தேய்மானக் கணக்கு, 1981

டிசம்பரின் கடைசி ஞாயிறு. வானொலிக்காரன்
அந்த வருடத்தின் தலைசிறந்த நாற்பதைப்
பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறான்.
மீன்சந்தைச் சுவரோரம் வேனை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.
பொய் சொல்கிறான் என்று சொல்ல மாட்டேன்.
எத்தனை விற்றது என்பது அவன் கணக்கு.
ஊசி எத்தனை முறை இறங்கியது என்பது என்னுடையது.

கிரிம்ஸ்பி துறைமுகத்தைச் சுற்றி
இருபத்தாறு ஜூக்பாக்ஸ்கள் என் பொறுப்பு.
இரண்டு வாரத்துக்கொரு முறை கண்ணாடியைத் தூக்கி
காசுப் பெட்டியைக் கவிழ்த்து
எண்களைக் குறித்துக்கொண்டு
ஒவ்வொரு தட்டையும் விளக்குக்கு நேரே சாய்ப்பேன்.
புதுத் தட்டு, தார் போட்ட அன்றைய சாலை.
நூறு முறை ஓடினால் சாம்பல் பூக்கும்.
ஐந்நூறு ஓடியது
ஒரே கோட்டைப் பத்துக் குளிர்காலம் போட்டவனின் முழங்கை.

வேலையில்லாதோர் அலுவலகத்துக்கு எதிர்க் காபிக்கடையில்
கோபால்ட் ஆன்ட்டீஸின் 'மாடியில் யாரோ நடக்கிறார்கள்'
ஆறு பிரதி மாற்றினேன்.
ஆறிலும் ஒரே இடத்தில் கீறல்:
கிட்டார் தனியே எழும் இடம் வந்ததும்
பையன்கள் பெட்டியை இடுப்பால் இடிப்பார்கள்.
ஊசி துள்ளிப் பின்னால் விழும்.
ஒரே பத்துப் பென்ஸில்
கிட்டார் இரண்டு தடவை.

ஃப்ரீமன் தெருவில் டோரீன் கெட்டில்பரோவின் மதுக்கடை.
சிவப்பு நகப்பூச்சு பூசிய காசுகள் அவளுடையவை.
கூட்டம் கூடுவதற்காக உரிமையாளர் போடும் முதல் பாட்டு;
எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
அந்த ஜூன் மாதம் நாற்பத்தொரு சிவப்பு.
எல்லாம் 'கடைசி டிராமுக்குச் சில்லறை',
அந்தச் சாக்சபோன் அழுகை.
வேறு ஒருவரும் அதற்குக் காசு போடவில்லை.
"விளம்பரத்துக்குத்தான்" என்றாள்,
நான் ஒன்றும் கேட்காமலேயே.

ஓய்ந்த தட்டுகள் சந்தையில் இருபது பென்ஸ்.
உறை கிடையாது, நடுவும் கிடையாது.
பெட்டிக்குப் பொருந்த நான் வெட்டியெடுத்த நடுச்சில்லுகள்
வேன் தரையெங்கும் உருளும்.
பிரேக் போட்டால் எல்லா நட்சத்திரங்களும்
என் காலடிக்கு வந்துவிடுவார்கள்.

இனி, ஜி-ஏழு.
ஹல் நகரத்து அக்கா தங்கை இருவர், ஒரு தாள எந்திரம்.
'உப்புத் தொட்டி' என்று பெயர்.
எந்திரம் அரை மூச்சு பிந்தியே வரும்.
கடைசிச் சரணத்துக்கு முன் ஒருத்தி இருமுவாள்;
வெட்டியெறிய வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை
அல்லது காசில்லை.
ஆறு வாரம் பூஜ்யமென்றால் கழற்றிவிடு என்பது கம்பெனி விதி.
நான் கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டினேன்.
ஒன்பது இடம். ஒன்பது பூஜ்யம்.
ராத்திரி, கடை பூட்டியபின்,
சோதனை என்ற பெயரில் நான் கேட்டதை
எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நாணயம் என்று ஒன்று இருக்கிறதே.

நவம்பரில், மாலுமிகள் கிளப்பில்
நான் மண்டியிட்டு ஃபியூஸ் மாற்றிவிட்டு எழும்போது
ஆர்ச்சி ப்ளாண்டன் வந்தான்.
அவன் படகு ஐந்து வருடமாகக் கரையில் கட்டிக் கிடக்கிறது.
வலைக்கயிற்றுக்குப் பழகிய விரல்.
கேட்டது ஜே-ஏழு, அழுந்தியது ஜி.

"என்ன எழவு இது?"
அடுத்த காசு கையில் தயார்.
ஆனால் போடவில்லை.
காசைப் பிடித்தபடியே நின்றான்,
தாளம் பிந்தப் பிந்த, தலையைச் சாய்த்துக்கொண்டு.
இருமல் வந்தது.
"பாவம், சளி" என்றான்.
பாட்டு முடிந்ததும்
மூக்கு உரசக் குனிந்து எழுத்தைப் பார்த்து
ஜே-ஏழை அழுத்தினான்.
அது அந்த வருடம் ஊரே பாடிய பாட்டு. அவனும் பாடினான்.

நோட்டில் ஒன்று என்று எழுதினேன்.
தவறுதலாக என்று பக்கத்தில் எழுதி
அதை அடித்தேன்.

வானொலியில் இப்போது மூன்றாம் இடம்.
கிளீத்தோர்ப்ஸில் ஒரு பெட்டி
காசை விழுங்கிவிட்டு வாய் திறக்க மறுக்கிறதாம்.
சாவியைத் திருகுகிறேன்.
சில்லுகள் பின்னோக்கி உருளுகின்றன.