ஜன்னல் கறுத்திருக்கும் வரை

வார்டோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம்
என் அடுக்களை ஜன்னல் ஜன்னலே இல்லை,
முகம் பார்க்கும் கண்ணாடி.

குளியலறையில் இருந்த கண்ணாடியை
மூன்று வருடம் முன்பு நான்தான் உடைத்தேன்.
ஏன் என்பது இங்கே வேண்டாம்.
போதையில் இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.
போதை என்றால் மன்னிப்பது சுலபம்.

துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவன் நான்.
காட் மீன், ஹாடக் மீன், எப்போதாவது ராஜநண்டு.
வீணாய்ப் போன எடைச்சீட்டுகளின் பின்பக்கம் வெள்ளை.
அதில் வரைய ஆரம்பித்தேன்.
முன்னே நானூற்றுப் பன்னிரண்டு கிலோ,
பின்னே நான்.

முதல் குளிர்காலத்துப் படங்களில்
எனக்கு இல்லாத ஒரு தாடை இருந்தது,
கப்பல் முகப்பு மாதிரி.
கண்கள் தொலைவை அளந்தன
(எதிரே இருந்ததென்னவோ அடுப்பு).
பிரிந்துபோன இங்வில் பார்த்திருந்தால்
"யார் இது, உன் வக்கீலா?" என்று கேட்டிருப்பாள்.

அடுத்த வருடம் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்.
ஒவ்வொரு சுருக்கத்தையும் கரியால் தோண்டினேன்.
கண்ணுக்குக் கீழே பை, பைக்குள் பை.
குற்றவாளியை வரைந்தால்
நேர்மை தானே வந்துவிடும் என்று நினைப்பு.
தராசுத் தட்டை விரலால் அழுத்துவதும்
அடியிலிருந்து தூக்கிப்பிடிப்பதும்
ஒரே திருட்டு.
எடைக்காரனுக்குத் தெரியாதா இது?

இந்த முறை காதில் தொடங்கினேன்.
காதுக்கு முகபாவம் கிடையாது.
இடது காதின் மேல்நுனி பனிக்கடியில் போனது,
தொப்பி போடமாட்டேன் என்ற பதினாறு வயது வீம்பு.
பிறகு மூக்கு.
பிறகு பாதி வழியில் நின்றுவிடும் புருவம்.
மகள் சோல்வேய்க்கும் அப்படித்தான்.
அங்கே பென்சில் நின்றது.
ஒரு வருடத்தில் அவளிடம் கேட்ட கேள்விகளை
எண்ணிப் பார்த்தேன்:
பரீட்சை எப்போது, காசு இருக்கிறதா,
கதவைப் பூட்டினாயா.
மூன்று.

வாய் மட்டும் பாக்கி.
மூடி வரைந்தால் கோபம்,
திறந்து வரைந்தால் தர்க்கம்.
அழித்து அழித்துச் சீட்டு நைந்து
மறுபக்கத்து எண் தெரிய ஆரம்பித்தது.

ஜனவரி பாதியில் தெற்கு வானம்
ஈரல் நிறமாகி, சால்மன் வயிறாகி வெளுத்தது.
மதியத்துக்கு மதியம் நான் மெலிந்தேன்.
நெற்றி வழியே தெருவிளக்குக் கம்பம்.
கன்னத்தில் எதிர்வீட்டு மஞ்சள் பலகைகள்.

கோட்டையில் பீரங்கி முழங்கியது ஒரு நாள்.
சூரியன் வந்துவிட்டது, பள்ளிக்கு விடுமுறை,
தெருவெல்லாம் பிள்ளைகள்.
நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் ஆளைக் காணோம்.
வாய் இருக்கவேண்டிய இடத்தில்
என் வாசற்படி.
படியில் எதிர்வீட்டு குன்வோர்,
முதியோர் இல்லத்துச் சீருடைமேல் செம்மஞ்சள் கோட்டு,
பனி தள்ளிக்கொண்டிருந்தாள்.

மூன்று குளிர்காலமாக என் படியில் பனி தங்கியதில்லை.
காற்று அடித்துப் போகிறது என்று நினைத்திருந்தேன்.
நினைத்திருந்தேனா?
நினைக்கக்கூட இல்லை.
விளக்கைப் போட்டுக்கொண்டு
என்னையே உற்றுப் பார்த்திருந்த மதியங்களில்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
இவள் இருந்திருக்கிறாள்.
இருட்டில் நின்றவளுக்கு
நான் முழுசாகத் தெரிந்திருப்பேன்.

காலுறையோடு இறங்கி ஓடினேன்.
நன்றி என்றுதான் சொல்ல வந்தேன்,
வேறு வந்துவிட்டது:
"வரையும்போது என் வாய் எப்படி இருக்கும்?"

குன்வோர் மண்வாரியில் சாய்ந்துகொண்டு யோசித்தாள்.
"நாக்கு வெளியே வரும்," என்றாள்.
"இந்தப் பக்கமாக."
செய்தும் காட்டினாள்,
ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, நடுத்தெருவில்.
"கணக்குப் போடுகிற பையன் மாதிரி."

மண்வாரியை வாங்கிக்கொண்டேன்.
பாதம் இரண்டும் மரத்துப்போனபின்
மீதிப் படிகளை அவளே முடித்தாள்.

நாக்கு இன்னும் சரியாக வரவில்லை.
மூன்றாம் தடவை அழித்திருக்கிறேன்.
சோல்வேய்க்கு உறை எழுதிவைத்தாயிற்று.
உள்ளே ஒரு கேள்வியும் இருக்கிறது, நான்காவது.
படத்தைத் திருப்பினால் அவளுக்குத் தெரியும்:
எண்பத்தேழு கிலோ, காட்,
குடல் நீக்கியது.