பதினேழாம் எண் வீடு

கிருனாவில் சூரியன் எட்டிப் பார்க்காமல்
இன்று பதினோராம் நாள்.
மீன் செதிள் ஒட்டிய கை.
முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் எடுக்கிறாள்
குன்வோர் நியெமி.

'வங்கியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன்.'
ஊசி போடுமுன் பல் டாக்டர் பேசுவாரே,
அந்தக் குரல்.

உங்கள் பெயரில் மால்மோவில்
யாரோ கடன் கேட்டிருக்கிறார்கள்.
எண்பதாயிரம் க்ரோனர்.
நிறுத்திவிடலாம், பத்து நிமிடம் இருக்கிறது,
பயப்படாதீர்கள்.

அவன் சொன்ன பிறகுதான்
அவளுக்குப் பயம் வந்தது.

பிறந்த தேதியை அவனே படிக்கிறான்:
அறுபத்தெட்டு. பூஜ்யம் மூன்று. பூஜ்யம் ஒன்பது.
சரி.
'கடைசி நான்கு எண் மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.
சரிபார்க்கத்தான்.'

நான்கே எண்.
அதற்குள்தான் அவள் சம்பளம்,
பெனிசிலின் ஆகாது என்ற குறிப்பு,
விவாகரத்துத் தீர்ப்பு,
கட்டாத நூலக அபராதம்,
அவள் அவள்தான் என்பதற்கு
இந்த நாட்டில் இருக்கும் ஒரே சாட்சி.

'ஏழு' என்றாள்.
வாய் முந்திக்கொண்டது.

அவனுக்கும் அவசரம் போல.
'விலாசம் நான் சொல்கிறேன்:
பியோர்க் தெரு, பதினேழு.'

சமையலறையில் குழாய் சொட்டியது.

பியோர்க் தெரு இல்லை.
அடியில் சுரங்கம் தோண்டத் தோண்ட
ஊரே கிழக்கே நகர்கிறது.
தேவாலயத்தையே சக்கரத்தில் ஏற்றிக்
கொண்டுபோனார்கள்.
பதினேழாம் எண்ணுக்குச் சக்கரம் வரவில்லை,
மண்வாரி இயந்திரம் வந்தது.
மூன்று வருடமாக அங்கே கம்பி வேலி.

வங்கிக்கு இது தெரியும்.
போன வாரம்தான் வட்டியைக் கூட்டிவிட்டு
புது வீட்டுக்குச் சரியாகக் கடிதம் போட்டது.
தெரியாதவன் கையில்
எங்கோ எப்போதோ திருடிய
பழைய பட்டியல்.

'ஹலோ? குன்வோர்? இருக்கிறீர்களா?
பேங்க்-ஐடி செயலியைத் திறந்து வையுங்கள்...'

திட்ட ஒரு வார்த்தை தேடினாள்.
அந்த வார்த்தையையும் அவனுக்குக் கொடுப்பானேன்?
மீன் கையாலேயே துண்டித்தாள்.

கையைக் கழுவி, சோப்புப் போட்டு மறுபடி கழுவி,
அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணை
ஒவ்வொன்றாக அழுத்தினாள்.
இருபத்திரண்டு நிமிடம் பியானோ இசை.
பிறகு ஒரு பெண், சளி பிடித்த குரல்:
'நீங்கள்தான் என்று உறுதிசெய்ய வேண்டும்.'

தொண்டை இறுகியது.
அப்புறம் நினைவு வந்தது:
இந்த முறை கூப்பிட்டது நான்.

சொன்னாள். கடன் எதுவும் இல்லை.
காவல் குறித்தாயிற்று.
ஆனாலும் அந்த ஏழு
எங்கோ ஒருவன் தாளில் தனியாக நிற்கிறது;
பக்கத்தில் மூன்று காலிக் கட்டம்.

இரவு ஒன்பதுக்கு மறுபடி மணி.
திரையில் தங்கை பெயர், மாய்-பிரித்.
'குன்வோர், ஒரு அவசரம்...'

'வை.
நானே கூப்பிடுறேன்.'