தொங்கும்போது முறுக்காதே

அல் ஐன் சனையா, ஆகஸ்ட், பகல் பன்னிரண்டு.
உபைதின் வெள்ளைப் பட்ரோல் வேகத்தடை ஏறும்போதே
எனக்குக் கேட்டுவிட்டது:
டொக்.
பின்பக்கம், வலது.
கொஞ்சம் பொறுத்து இடதும் பதில் சொன்னது.

"சுவைஹான் மணலில் ஒரு குதி குதித்தேன்" என்றார்,
பாதி அரபி, பாதி இந்தி, மீதி கையால்.

லிஃப்ட்டில் ஏற்றினோம்.
சேசிஸின் இடுக்கெல்லாம் சிவப்பு மணல்,
உதிர்ந்துகொண்டே இருந்தது என் காலருக்குள்.
கம்பெனி மாட்டி அனுப்பிய ஸ்வேபார் லிங்க்
பேனா தடிமன்தான்.
வலதில் பந்துமூட்டு கழன்று தொங்குகிறது.
இடதில் ரப்பர் கிழிந்து கிரீஸ் வற்றி
எப்போது வேண்டுமானாலும்.

புதியவை பெட்டியில் இருந்தன.
கட்டைவிரலைவிடப் பெருத்த இரும்பு,
ஒரு முனையில் கிரீஸ் நிப்பிள், மறுமுனையில் கட்டி புஷ்.
கையில் வாங்கியதும் மணிக்கட்டு ஒருமுறை தாழ்ந்தது.

கழற்ற ஒற்றை ஆளால் ஆகாது.
நட்டைத் திருப்பினால் நடுத்தண்டும் சேர்ந்து சுற்றும்.
ஒருவன் அதை ஆலன் கீயால் அசையாமல் பிடிக்க வேண்டும்,
ஒருவன் ஸ்பேனரைத் தள்ள வேண்டும்.
கடையில் இருந்தது மிக்கேல் மட்டும்.
மிக்கேலும் நானும் பேசிப் பதினொரு நாள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.
ரூமில் ஏசி இருபத்திரண்டா, இருபத்தாறா.
அதில் தொடங்கி அவன் அண்ணன் கடன்வரை போய்
சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.
மேல்கட்டிலில் அவன், கீழே நான்.
அவன் புரண்டால் நான் ஆடுகிறேன்.

"பிடி."
பிடித்தான்.
"விடு."
விட்டான்.

அடுத்த நட்டு துருவில் ஊறி மசியவே இல்லை.
கிரைண்டரை அவனே எடுத்தான்.
பொறி பறக்குமுன் ஓர் அட்டையை
என் முகத்துக்கு நேரே காலால் தள்ளி வைத்தான்.

இந்த வளைகம்பிக்கு ஒரே வேலை.
ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால்
மற்றதையும் "நீயும் வா" என்று இழுப்பது.
ஆழ்மணலில் சிலர் இதைக் கழற்றிவிட்டுப் போவார்கள்,
அததன் போக்கில் தொங்கட்டும் என்று.
திரும்ப மாட்ட மறந்தவனுக்கு
முதல் ரவுண்டானா ஞாபகப்படுத்தும்.

புதியதை மாட்டி, நட்டைக் கையால் ஓட்டி,
முறுக்கப் போனேன்.
ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டான்.

"தொங்குறப்ப முறுக்காத.
கீழ இறக்கு. நாலு சக்கரமும் நிக்கட்டும்.
இல்லன்னா புஷ் கோணலாவே இறுகிரும்.
அப்புறம் பாரம் வர்றப்பல்லாம் பிச்சுக்கும்."

எனக்குத் தெரியாததா?
பதினாலு வருஷமாய் இதே தரை.
ஆனால் தலையாட்டினேன்.

இறக்கினோம்.
வண்டி தன் எடையில் அமர்ந்து
ஒரு பெருமூச்சு விட்டது.
அட்டை விரித்து அடியில் நுழைந்தோம்,
வலச்சக்கரத்தருகே நான், இடச்சக்கரத்தருகே அவன்.
இடையில் டிஃபரன்ஷியல், சூடாக, பானைபோல்.
டார்க் ரெஞ்ச் என் பக்கம் கிளிக் என்றதும்
அடியிலேயே உருட்டிவிட்டேன்.
அவன் பக்கமும் கிளிக்.

சோதனை ஓட்டத்தில் மூன்று வேகத்தடை.
சத்தம் இல்லை.
உபைத் இருக்கையைத் தட்டிச் சிரித்தார்,
பத்து திர்ஹம் குறைக்கச் சொன்னார்.

இரவு ஏசி இருபத்திரண்டிலேயே இருந்தது.
போர்வையை இழுத்துக்கொண்டேன்.
மேலே அவன் புரண்டான்; ஆடினேன்.
கட்டிலின் நட்டுகளை இறுக்க வேண்டும்,
நாளைக்கு,
அவன் மேலே படுத்திருக்கும்போதே.