வெள்ளி ராணி

ஒன்பது வருஷமாகத் திட்டினேன் அதை.

காய்த்த மரம்தான் கல்லடி படும்;
காய்க்காமலே என் ஹாலி
சொல்லடி பட்டது.
வெள்ளிக் கரையிட்ட இலையைக் காட்டிக்கொண்டு
சும்மா நின்றது.

என்ன குறை வைத்தேன்?
சுண்ணாம்பு படாத மண்.
பைன் ஊசிகளை மூட்டை கட்டி வந்து
தூரில் பரப்பினேன்.
காப்பிச் சக்கை, மக்கிய இலை,
அபரிஸ்ட்வித் கரையிலிருந்து
கார் நாற நாற ஒரு பை கடற்பாசி.
இலைக்குள் புழு சுரங்கம் தோண்டிய கோடையில்
ஒவ்வொன்றாய்க் கிள்ளி எரித்தேன்;
உள்ளங்கையெல்லாம் முள்.
மூன்றாம் ஆண்டு இரண்டடி தள்ளி நட்டதற்கு
முகத்தைத் திருப்பிக்கொண்டு
பாதி இலையை உதிர்த்தது.
பொறுத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இத்வல் ப்ராசர்.
சாக்கடைக் குழாய் யாருடையது என்ற வழக்கில்
பேச்சு நின்று ஏழு வருஷம்.
மண்வெட்டி பிடிக்கத் தெரியாது அவருக்கு.
உரம் என்றால் நாயின் மூத்திரம்தான்.
ஆனால் டிசம்பர் வந்தால்
அவர் புதரில்
பச்சை தெரியாமல் சிவப்பு.

பில்த் சந்தையில் செடி விற்பவளிடம்
பழைய பெயர்ச் சீட்டைக் காட்டினேன்.
'சில்வர் குவீன்.' படித்துவிட்டுச் சிரித்தாள்.
"ராணி என்பது பேர்தான். இது ஆண்.
ஆயுசுக்கும் காய்க்காது.
பக்கத்தில் பெண் மரம் ஏதும் உண்டா?"

அப்படியானால் ஒவ்வொரு மே மாதமும்
என் புதரிலிருந்து எழுந்த தேனீக்கள்
வழக்கு தெரியாமல்
சுவர் தாண்டிப் போயிருக்கின்றன.
ப்ராசரின் சிவப்பில் பாதி
என் பைன் ஊசி, என் பாசி,
என் முள் தைத்த கை.

கத்தரியை எடுத்தேன்.
பூக்கும் முன்னே மொட்டையடித்தால்
தெரியும் சேதி.
காம்படியில் மொட்டுகள்
குண்டூசித் தலை அளவில்
நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.
நடைபாதையில் நீட்டிய ஒரு கிளையை மட்டும்
நறுக்கிப் போட்டுவிட்டு
உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவரிடம் சொல்லவில்லை.
சொல்லவும் மாட்டேன்.

இந்தக் குளிர்காலம் பெரிய பூங்குருவி ஒன்று
அவர் புதரைத் தன்பேருக்கு எழுதிக்கொண்டு
கிட்டே வரும் பறவையையெல்லாம்
கிலுகிலுப்பை ஆட்டினாற்போல் கத்தி விரட்டுகிறது.
ப்ராசரையும்தான்.
கதவு வளையத்துக்குக் கிளை வெட்ட வந்தவர்
ஏணியோடு திரும்பிப் போனார்.

நாலு மணிக்கு இருட்டியதும்
அது சுவர் தாண்டி வந்து
என் முள்ளுக்குள் ஒடுங்குகிறது.
தீனி அங்கே.
தூக்கம் இங்கே.