நான்காவது வில்

ஏப்ரலில் காற்று மேற்கிலிருந்து வந்தது.
தக் ஹே-ரிம் அதைச் சரியாகத்தான் படித்தாள்,
ஒரே ஓர் அம்பைத் தவிர.
அது மஞ்சளைத் தொடாமல்
சிவப்பில் போய் நின்றது,
தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டு
அதைக் காட்டிக்கொள்ளாமல் நிற்பவரைப் போல.

ஏழு மாதம், ஐந்து சுற்று,
இரண்டாயிரத்துச் சொச்சம் அம்புகள்.
கூட்டிக் கழித்ததில் மிஞ்சியது ஒரு புள்ளி.
மூன்று பேர் போவார்கள்.
அவள் நான்காவது.

எய்தல் என்றால் அம்பை விடுவது.
எய்துதல் என்றால் போய்ச் சேர்வது.
நடுவே எழுபது மீட்டர் புல்.

வேறொரு கொடியின் கீழ் பிறந்திருந்தால்
இந்நேரம் தபால்தலையில் இருந்திருப்பாள்.
கொரியாவில் நான்காவது என்றால்
சோங்ஜு நகர அணியின் சம்பளச் சீட்டில்
ஊக்கத்தொகை என்ற சொல்லுக்கு எதிரே
ஒரு சின்னக் கோடு.

அன்றைக்குக் கூட்டம் என்று பார்த்தால்
பதினேழு பேர்.
அதில் பதினொரு பேர் அம்மாக்கள்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்,
மழை விட்டதும் போய்விட்டார்.
அம்பு பலகையில் இறங்கும் ஓசை
கடைசி வரிசைவரை கேட்டது.
கேட்க அங்கே நாற்காலிகள் இருந்தன.

ஆகஸ்டில் கதை வேறு.
இரவு பதினொன்றே முக்கால்.
கோழி பொரிக்கும் கடையில் இடமில்லை.
கதவோரம் ஒற்றை நாற்காலி,
எதிரே பாதி பீர், முழுத் தொலைக்காட்சி.
நான்கு வருடமாக
வில்லுக்கு எத்தனை நாண் என்று கேட்காத ஊர்
இன்றைக்குக் காற்றைப் பற்றிப் பேசுகிறது.
"இடது பக்கம் இழுக்குது பாரு" என்கிறார்
டயர் விற்பவர்.
"விடாதே, விடாதே, பொறு!" என்கிறாள்
பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒரு பெண்.

திரையில் பியோ இன்-யங்.
இருபது வயது.
ஏப்ரலில் அந்த ஒரு புள்ளி இவளுடையது.
அன்று காலை விரலுறையை மறந்து வந்து
ஹே-ரிமிடம்தான் கடன் வாங்கினாள்.
இன்னும் திருப்பித் தரவில்லை.
அதோ,
உலகமே பார்க்கும் அந்தக் கையில் இருக்கிறது,
ஓரத்தில் நீலத் தையலோடு.

கடைசி அம்பு.
திரையின் மூலையில் அவள் இதயத்துடிப்பு:
எண்பத்து நான்கு.
ஹே-ரிம் மேசைக்கு அடியில்
தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.
நூற்று இருபத்தொன்று.

கடை மூச்சை நிறுத்தியது.
எண்ணெய் மட்டும் கொதித்தது.
அவளுடைய மூன்று விரல்கள்
பீர்க் கோப்பையின் காதில் தாமாகவே கொக்கி போட்டன.
தாடை ஒரு நூல் அளவு திரும்பியது.
இப்போது விடு என்று நினைத்தாள்.
அங்கே நாண் அதிர்ந்தது
அரை நொடி தாமதமாக.

பத்து.

பிறகு கேட்டதெல்லாம் ஒரே சொல்: நாம்.
நாம் ஜெயித்தோம். நம்மை யார் தொட முடியும்.
நாற்பது வருடமாக நாம்தானே.
டயர்காரர் அந்த நாமில் இருந்தார்.
தூங்கிவிட்ட குழந்தை இருந்தது.
எண்ணெய்ச் சட்டியும் இருந்தது என்றே நினைக்கிறேன்.
ஹே-ரிமும் கத்தினாள்.
தொண்டை கட்டும்வரை கத்தினாள்.
அதில் பொய் இல்லை.
உண்மை முழுவதும் அதில் இருந்ததா,
அது எனக்குத் தெரியாது.

முதலாளி மேங்
மேசைக்கு மேசை ஓடினார்,
தங்கத்துக்கு ஒரு தட்டு இலவசம் என்று.
கதவோரம் வந்து கேட்டார்:
"தனியாகவா பார்த்தீங்க? வில்வித்தை பிடிக்குமோ?"

"பிடிக்கும். கடைசி அம்பில்
தோள் கொஞ்சம் ஏறிடுச்சு.
காற்று நின்னதாலே தப்பிச்சா."

அவர் தட்டை வைத்துவிட்டு
வயிறு குலுங்கச் சிரித்தார்.
"இன்னைக்கு ராத்திரி
இந்த நாட்டிலே எல்லாருமே பயிற்சியாளர்!"

ஆமாம் என்று அவளும் சிரித்தாள்.
முள்ளங்கி ஊறுகாய்
இன்னொரு கிண்ணம் கேட்டாள்.
காலை ஐந்தரைக்கு மைதானம்.