மூன்று டின்னும் கொஞ்சமும்

பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து
கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது
ஜெலுத்தோங் ஏற்கெனவே விழித்திருக்கும்.
ஆறே முக்கால்.
இவர் கடையில் முதல் கொதி அடங்கி
இரண்டாம் கொதி ஏறியிருக்கும்.

பதினெட்டு வருடம்
நான் உட்கார்ந்ததும் கேட்காமலே வந்தது அது:
ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே,
நடுவில் இரண்டு முழம் பழுப்பு
ஒரு நொடி காற்றில் நின்று
விழுந்து, நுரைத்து,
விளிம்பைத் தொட்டு, வழியாமல்.
ஊர் காசு கொடுத்துக் குடித்ததை
நான் கணக்கில்லாமல் குடித்தேன்.
கணக்கை உடம்பு எழுதி வைத்திருக்கிறது.

எண்பத்தொன்று புள்ளி நான்கு
என்றாள் தாதி நோர்ஹயாத்தி. சத்தமாக.
வரிசையில் இருந்த அத்தனை பேரும்
வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.
"சர்க்கரை எல்லையில் நிற்குது அக்கா.
டோல் மாதிரி.
ஒருமுறை தாண்டிட்டா தினமும் கட்டணும்."

ஐந்தாம் லைன் சியூ பெங் விற்றாள்
பெட்டி நாற்பத்தைந்து வெள்ளி.
அட்டையில் இடுப்பில்லாத ஒருத்தி
பச்சை இலைகளுக்கு நடுவே சிரித்தாள்.
"மூணு மாசம் குடி, பழைய சட்டை எல்லாம் போடலாம் லா."
சம்பளத்தன்று தருகிறேன் என்றேன்.

முதல் வாய்:
ஈரப் புல்லுக்கு இஸ்திரி போட்ட வாசம்.
நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு
உத்தரவு கேட்காமல் வந்து உட்கார்ந்துகொண்டது.
இதைக் குடித்துவிட்டா அவள் அப்படிச் சிரிக்கிறாள்?
வேறு ஏதோ நல்ல சேதி வந்திருக்க வேண்டும்.

கடையில் நான் பையைத் திறந்து
என் சொந்தப் போத்தலை மேசையில் வைத்த அன்று
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
கையில் தயாராயிருந்த குவளையைக் கொண்டுபோய்
லாரிக்காரர் முன்னால் வைத்தார்.
"தவசீலா, நான் ஓ கோசோங் இல்லையா கேட்டேன்?"
அன்று காலை முழுக்க
தேநீர் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை.

பசியாறிய பிறகு வீட்டுக்கு நடந்தேன்.
ரொட்டி சானாய் இரண்டு, ஒன்றானது.
பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்பே விட்டேன்.
அட்டைக்காரியிடம் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு மத்தியானம் சாவி வாங்கப் போனால்
ஆளில்லாத கடையில், பின்பக்கம் திரும்பி நின்று
என் பச்சைப் பொட்டலத்தை
இரண்டு குவளைக்கு நடுவே இழுத்துக்கொண்டிருக்கிறார்.
ஒரு முழம். இரண்டு முழம்.
நுரை கட்டுவேனா என்கிறது.
"பிடிமானமே இல்லை, தண்ணியா ஓடுது"
என்றார், பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும்.
பிறகு, குவளையைக் கழுவிக்கொண்டே:
"ரெண்டும் ஒரே செடிதான்.
ஒன்னைக் கறுக்க விட்டுட்டாங்க, ஒன்னை விடல."

எட்டு வாரம். எழுபத்தொன்பது புள்ளி ஏழு.
பச்சைத் தேயிலையா என்று கேட்டேன்.
"இல்லை அக்கா, நீங்க விட்ட பாலும் சீனியும்"
என்று சொல்லிவிட்டு நோர்ஹயாத்தி
அடுத்த எண்ணை அழைத்தாள்.

ஒன்று புள்ளி ஏழு.
சொன்னதும் இவர் அலமாரியைத் திறந்து
கெட்டிப்பால் டின்களை மேசையில் அடுக்கினார்.
அரைக் கிலோ, அரைக் கிலோ, அரைக் கிலோ.
நான்காவதில் ஓட்டை போட்டு
ஒரு கண்ணாடிக் கிளாசில் கொஞ்சம் ஊற்றினார்.
"இவ்வளவு இறக்கி வச்சிருக்கே."
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.
கனம்தான்.
இவர் கொடுத்ததைத்தான் சுமந்திருக்கிறேன்,
ஐந்தாம் லைனில், இரவெல்லாம், நின்றபடி.

பெட்டியில் இன்னும் பதினோரு பொட்டலம் மிச்சம்.
திங்கள் முதல் சனி வரை அந்தக் கசப்பு.
இப்போது அதற்கும் ஒரு மேசை பழகிவிட்டது.

ஞாயிறு மட்டும் அரைக் குவளை,
பால் ஒரே ஒரு கரண்டி.
அந்த அரைக் குவளைக்கும்
கையைத் தலைக்கு மேலே தூக்குகிறார்.
எதைக் குறைத்தாலும்
உயரத்தைக் குறைக்க மாட்டாராம்.