இடது முன்பக்கம்

வண்டியை இறக்கினேன். நாற்பது மில்லிமீட்டர்.
மஞ்சள் ஸ்ப்ரிங், நாலும் சேர்த்து
அறுநூற்று இருபது வெள்ளி.
சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவே
முன்பு ஒரு கை போகும்,
இப்போது இரண்டு விரல்.
பக்கத்து வீட்டுச் செல்வராணி மட்டும் கேட்டாள்:
"டயர்ல காத்து இல்லியா?"

நைட் ஷிப்டுக்கு நாலு பேர் ஒரே மைவியில்,
பெட்ரோலுக்குப் பங்கு,
பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ்.
டோல் தாண்டிப் பாலம் ஏறினால்
இணைப்புக்கு இணைப்பு தடக், தடக்.
அது பாலத்தின் குரல், எல்லா வண்டிக்கும் உண்டு.
அதற்கு ஓர் இமைப்பொழுது பிந்தி
அடியிலிருந்து
டொக்.
அது எனக்கு மட்டும்.

ஜாக்தான் ஆடுகிறது என்றார் முன்சீட்டு காக் நோர்லிசா.
ஜாக்கை வீட்டில் விட்டுவந்தேன்.
டொக்.
அப்சார்பர் செத்துவிட்டது என்றான் ஹூய்,
வார்டுக்கு வெளியே நிற்கும் உறவினரிடம்
டாக்டர் சொல்கிற குரலில்.
சவரிராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் எதற்கும் சொல்வதில்லை.
சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
கடலைப் பார்த்தபடி வருவான்.

பொமன் ஆ பெங் வண்டியைத் தோளால் உலுக்கினார்,
லிங்க் ராட் என்றார், எண்பது வெள்ளி.
மாற்றியதும் மூன்று நாள் சத்தமில்லை.
அந்த மூன்று நாளும் ரேடியோவை
நான் ஏற்றிவைத்திருந்தேன்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சத்தத்தைத் தேடப் பழகிய காது
வீட்டுக்கு வந்தாலும் ஓய்வதில்லை.
ஃபிரிட்ஜ் அடங்குகிறபோது,
எதிர்வீட்டு கேட்,
படியேறும் என் முழங்கால்,
எல்லாவற்றிலும் இடது முன்பக்கம்.

ஞாயிறு பூசை முடிந்து
வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான் சவரிராஜ்.
"ஸ்டியரிங்க நீ திருப்பு."
நின்ற வண்டி, எஞ்சின் மட்டும் ஓட,
சக்கரத்தின் மேலிடுக்கில் கையை நுழைத்து
சுருளைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தான்,
காய்ச்சல் பார்க்கிறவன் மாதிரி.
இடம், கடைசி வரை.
வலம்.
மறுபடி இடம்.
டுங்.
"இங்கதான். கையில வந்து குத்துது."

சக்கரத்தைக் கழற்றினோம்.
கீழ்த்தட்டின் படியில் முட்டி நிற்கவேண்டிய
ஸ்ப்ரிங்கின் வால்
ஒரு விரல் தள்ளி நின்றது.
அந்த இடத்தில் மஞ்சள் உரிந்து
நகமளவு இரும்பு பளபளத்தது.
யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை.

நான்தான்.
வலது பக்கத்தை வெயிலில் போட்டேன், நிதானமாக.
இடது பக்கம் வருவதற்குள் மழை, பிறகு இருட்டு.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
போதும் என்று சொல்லியிருப்பேன்,
சொன்னது எனக்கே சரியாகக் கேட்டிருக்காது.
அந்தப் போதும்தான்
இத்தனை நாள் கீழே தட்டிக்கொண்டிருந்தது.

கடன் வாங்கிய கிளாம்ப்பால் சுருளை அமுக்கி,
திருப்பி, வாலைப் படியில் சேர்த்து,
மேல் நட்டை இறுக்கி முடிக்கையில்
வெள்ளைச் சட்டையில் ஆறு இடம் கிரீஸ்.
சோப்பு நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.
தண்ணீர் கேட்டான், குடித்தான், போய்விட்டான்.

திங்கள் சாயங்காலம் பாலம்.
தடக்.
நாலு பேரும் அதற்கு அடுத்ததைக் கேட்டோம்.
ஒன்றுமில்லை.
தடக். ஒன்றுமில்லை.
நோர்லிசா முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.
இந்த ஏசிக்கு ஒரு முனகல் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
நடுப்பாலம், கீழே கப்பல்களில் விளக்கு ஏறுகிறது,
பின்னாலிருந்து
டொக்.

கால் பிரேக்குக்குப் போய்விட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்.
சவரிராஜ் கடலைப் பார்க்கிறான்,
முகத்தில் ஒன்றுமில்லை,
ஒரு விரல் மட்டும்
டப்பாவின் மூடிமேல் மடங்கியபடி.